காப்பும் கரவும்

‘காப்பு’ என்பது தமிழருக்கு இனியதொரு சொல். குழந்தையின் கையில் இடுவது காப்பு; நூலின் தொடக்கத்தில் பாடுவது காப்பு; திருவிழாவுக்கு முன் கட்டுவதும் காப்பே. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பேணப்படும் அம்மச்சிப் பிலாவின் வரலாறும் ஒரு காப்பின் வரலாறுதான். எட்டு வீட்டுப் பிள்ளைமார் துரத்தி வந்தபோது, இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அம்முதிய பலாவின் பொந்தினுள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. இவற்றையெல்லாம் கண்டு பழகிய நாம், காப்பது எதுவாயினும் நன்றே என்று எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் முற்றும் சரிதானா?

இவ்வினாவுக்கு உரைகல்லாகப் போர் விமானங்கள் சுமக்கும் வெடிகுண்டை எடுத்துக்கொள்வோம். அதற்கும் காப்பு உண்டு. எஃகு உடல் துருப்பிடிக்காதிருக்கப் பூச்சு உண்டு. கண்ணில் எளிதில் படாதிருக்க மங்கிய பச்சையோ சாம்பலோ நிறமாக அமையும். அமெரிக்கப் படை வழக்கில், மூக்கருகே மஞ்சள் வளையம் இருப்பின் உள்ளே கடும் வெடிமருந்து உண்டென்று பொருள். பயிற்சிக் குண்டுக்கு நீல நிறம். குன்றிமணியின் செம்மையையும் அதன் மூக்கின் கருமையையும் கூடாவொழுக்கத்துக்கு உவமையாக்கினார் வள்ளுவர். குண்டோ அத்தகைய வேடதாரி அன்று. தன்னைக் கையாள்வோரிடம் அது உண்மையே பேசுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பூச்சுப் பொருளைக் குறை கூறுதல் பொருந்தாது. வண்ணப்பூச்சுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு, இல்மனைட் என்னும் கருமணலிலிருந்து எடுக்கப்படுவது. அம்மணல் பாறசாலைக்குத் தென்கிழக்கே மணவாளக்குறிச்சியிலும், வடக்கே சவறாவிலும் கிடைக்கிறது. அதனை வெண்பொடியாக்கும் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் 1946இல் திருவனந்தபுரத்தில் தோன்றியது. அதே உலோகத்தின் மற்றொரு சேர்மமான டைட்டானியம் டெட்ராகுளோரைடு, உலகப் போர்களில் படைகளை மறைக்கும் புகைத்திரையாயிற்று. மணலுக்கு அறமும் இல்லை, மறமும் இல்லை. எடுத்தாளும் மனிதனின் கருத்துக்கே அவை உண்டு.

கருத்து நல்லதாயின் காப்பும் நல்லதன்றோ என்பர் சிலர். 1967 ஜூலை 29 அன்று, டோங்கின் வளைகுடாவில் ஃபாரஸ்டல் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில், தவறுதலாகப் பாய்ந்த இராக்கெட் ஒன்றால் எரிபொருள் தீப்பற்றியது. இரண்டு நிமிடம் கழியுமுன்பே பழைய குண்டு ஒன்று சூடேறி வெடித்தது, மற்றவையும் தொடர்ந்தன. 134 பேர் மாண்டனர். இப்படிப்பினையால், நெருப்பைச் சில நிமிடங்கள் கூடுதலாகத் தாங்கும் சொரசொரப்பான பூச்சு கப்பற்படைக் குண்டுகளுக்கு இடப்படலாயிற்று. தீயணைக்க ஓடும் இளைஞனின் உயிர் காக்கும் அப்பூச்சை இழிவென்று எவர் கூறுவார்? ஆயினும் குண்டு விமானத்தை விட்டுக் கழன்ற கணமே அக்காப்பின் கடமை முடிந்துவிடுகிறது. கீழே இருப்பவனுக்கென்று அதில் ஒரு பூச்சும் இல்லை. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த நம்மவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் குண்டுவீச்சில் மாண்டனரே, அவர்களுக்கு எந்த நிறம் எதனை உணர்த்தியிருக்கும்?

நிறம் உணர்த்தாமற் போவதோடு நில்லாமல், பிறழ உணர்த்துவதும் உண்டு. 2001இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா வீசிய கொத்துக்குண்டுகளின் சிறு குண்டுகள் மஞ்சள் நிறம்; அதே வானிலிருந்து போட்ட உணவுப் பொட்டலங்களும் மஞ்சள் நிறம்! வானொலியில் எச்சரித்தார்கள், பின்னர் பொட்டலத்தின் நிறத்தை நீலமாக மாற்ற முடிவு செய்தார்கள். படைவீரனுக்கு ‘விலகு’ என்னும் மஞ்சள், பசித்த பிள்ளைக்கு ‘வா’ என்றன்றோ ஒலித்திருக்கும்!

இதனை எல்லையோரத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைப் பக்கத்துச் சிற்றூர்களில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாள எழுத்துக் கற்று வளர்ந்தோர் உண்டு. பலகை உண்மையையே சொன்னாலும், அவ்வெழுத்தறியாதவனுக்கு அது வெறுங்கோடு. ஆகவே, அறிந்தோர்க்கு மட்டும் உண்மை சொல்லி அறியாதோரை அழியவிடும் குறியீடு, பொய் அன்றாயினும் கரவே ஆகும்.

பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்த நம் குடும்பங்களும் தம்மைச் சுற்றிக் காப்புகள் பல அமைத்துக்கொள்கின்றன: சேமிப்பு, மதில், உறவு வட்டம், சங்கம். இவை வேண்டும். ஆனால் ஒவ்வொன்றையும் அமைக்கும்போது, ‘இது யாரைக் காக்கிறது?’ என்று மட்டும் கேட்டு அமைதியடைதல் போதாது. ‘இதற்கு வெளியே நிற்பவன் யார்? அவன் மேல் விழுவது என்ன?’ என்றும் கேட்க வேண்டும். அவ்விரண்டாம் வினாவுக்கு அஞ்சாது விடையிறுக்கும் காப்பே அறத்தின்பாற்பட்டது.