சின்னம்மா சொன்னதும் நான் எழுதியதும்

எங்கள் தெருவில் படித்தவன் என்றால் மனு எழுதத் தெரிந்தவன். பட்டா, ரேஷன் அட்டை, முதியோர் பென்ஷன் என்று நான் எழுதிக் கொடுத்ததற்குக் கணக்கில்லை. அதில் ஒன்று மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

பொதுக்குழாயடியில் சனம் கூடியிருக்க, ஆதிக்க சாதிக்காரர் ஒருவர் என் சின்னம்மாவைச் சாதிப் பேர் சொல்லி ஏசி, குடத்தையும் எட்டி உதைத்தார். அன்று ராத்திரி அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “அவன் என்னத்தச் சொன்னானோ அத அப்பிடியே எழுதுடா” என்றாள். நான் எழுதியதோ, ‘மேற்படி நபர் என்னைத் தகாத வார்த்தைகளால் இழிவுபடுத்தினார்’ என்று. வாசித்துக் காட்டியதும், “இது யாரு கதடா?” என்று கேட்டாள். மனுத்தமிழ் அப்படித்தான் இருக்கும் சின்னம்மா என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது குற்றம். சாதிப் பேர் சொல்லி ஏசுவதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாகவே எழுதி வைத்தது. அதாவது என்ன சொன்னான், எங்கே வைத்துச் சொன்னான், யார் கேட்டார்கள் என்பதுதான் வழக்கின் உயிர். நான் அந்த உயிரைத்தான் ‘தகாத வார்த்தை’ என்று துடைத்துவிட்டிருந்தேன். விசாரணையில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னபோது, மனுவில் இல்லாததை இப்போது சேர்த்துச் சொல்கிறாள் என்றார்கள். வழக்கு நிற்கவில்லை.

ஏன் அப்படி எழுதினேன்? தமிழ் தெரியாமல் அல்ல. அந்தச் சொல் என் கையெழுத்தில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவமானம் அவளுக்கு, மறைத்துக்கொண்டது நான். பேச்சுமொழி என்றாலே சிவப்பு மையால் சுழித்த பள்ளிக்கூடமும் என் விரலைப் பிடித்திருந்தது.

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது, அந்த மொழியைக் கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அது சின்னம்மா வாசித்துக் காட்டச் சொன்ன மனுவாகப் பட்டது. அதற்காகத் தலித் என்றால் பேச்சுமொழியில்தான் எழுத வேண்டும் என்று ஒரு சேரியை மொழிக்குள்ளும் கட்டுவதை நான் ஒப்பமாட்டேன்.

அம்பேத்கரைப் பாருங்கள். 1936 மே மாதம். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் மாநாட்டை ரத்து செய்ய, நிகழ்த்தாத அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் ஆங்கிலத்தில் அச்சிட்டார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்துவிட்டார். சாதி இந்துக்களோடு வழக்காடும் உரை அது. சாஸ்திரமும் பிளேட்டோவும் அதில் சாட்சிக்கு நிற்பார்கள். அதே மாதக் கடைசியில் பம்பாயில் மகர் மக்கள் மாநாட்டில் மதமாற்றம் பற்றி மராத்தியில் பேசினார். அங்கே வாதம் கேள்விமேல் கேள்வியாக இறங்கி மக்களிடமே வருகிறது. இரண்டிலும் ஆள் ஒருவர்தான், கோபமும் ஒன்றுதான். ஆளுக்கேற்ப மொழியை மாற்றினார். கேட்பவர் மனம் கோணுமே என்று விஷயத்தை மாற்றவில்லை. நான் செய்தது நேர் தலைகீழ்.

இப்போதெல்லாம் மனுவை மனுத்தமிழில்தான் எழுதுகிறேன். தேதி, இடம், சாட்சி எல்லாம் அதில் ஒழுங்காக நிற்கும். திட்டியவன் பேச்சு மட்டும் மேற்கோள் குறிக்குள் ஒரு எழுத்துக் குறையாமல். ஆனால் எழுதிவிட்டால் அதைப் போலீஸ் வாசிக்கும், வக்கீல் வாசிப்பார், அவள் நடுச்சபையில் மறுபடி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இதைச் சொல்லாமல் எழுத எனக்கு உரிமை உண்டா? ஆகவே முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

போன முறை வந்தது காலேஜில் படிக்கிற பெண். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அண்ணே, அந்த எடத்த மட்டும் விட்டுட்டு எழுதுங்க” என்றாள். விட்டேன். பேனாவை வாங்கி, அந்த வார்த்தையை அவளே எழுதினாள்.