பூவுக்குள் யார் வைத்த லிங்கம்?

"சேரியில குடிதண்ணிக்கே வழியக் காணோம். நீங்க பூவப் படம் புடிச்சிக்கிட்டுத் திரியிறீங்களே தோழர்?" காரைக்கால் கூட்டமொன்றில் ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்விதான். கொஞ்ச நாளாகக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பூங்காவுக்குப் போய் வருகிறேன். இயற்கையில் கலையைத் தேடுவது தலித்துக்கு ஆகாத வேலையா? பதில் சொல்லியாக வேண்டும்.

நாகலிங்கப் பூவை எடுத்துக்கொள்வோம். உள்ளே லிங்கம், மேலே குடை பிடிக்கிற நாகம், இயற்கையே செதுக்கிய சிற்பம் என்பார்கள். ஆனால் மரம் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் அறிவியல் பெயரிலேயே கயானா இருக்கிறது. லிங்கத்தை அறியாத மண்ணில் காலங்காலமாகப் பூத்துக் கிடந்த பூ அது. லிங்கம் பூவில் இல்லை, கோயில் வளர்த்த கண்ணில் இருக்கிறது. கோயிலுக்குள் விடாத சனத்துக்கும் அதே லிங்கம்தான் தெரிகிறது. கதவைச் சாத்திவிட்டு, கண்ணை மட்டும் நமக்குள் அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

மரம் அங்கிருந்து வந்தது, மனிதர்கள் இங்கிருந்து போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா என்று ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். போன பலருக்கும் வாய்த்தது கரும்புத் தோட்டம். தமிழில் அதுவும் தோட்டம், பூ வைத்து அழகு பார்ப்பதும் தோட்டம். இலங்கை மலையகத் தமிழரைத் 'தோட்டக்காட்டான்' என்று ஏசியவர்கள் உண்டு. அதே மக்கள் வளர்த்த தேயிலைச் சரிவு காலண்டரில் அழகாகத் தொங்குகிறது. நம் டெல்டாப் பச்சையும் இப்படித்தான். நாகைக்கு அந்தப் பக்கம் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடிய சேரி அது. வயலின் படத்தில் அந்தச் சாம்பல் விழுவதில்லை.

அதனால் பூவைப் பார்க்காதே என்பதா? இல்லை, இன்னும் கிட்டப் போய்ப் பார் என்கிறேன். இந்தப் பூவில் தேன் கிடையாது. நாகம் என்கிறார்களே, அந்தக் குடையிலுள்ள மகரந்தம் விதைக்கு உதவாது. அது வண்டுக்கான தீனி. தீனி எடுக்கப் புகுந்த வண்டின் உடம்பில் கீழ் வளையத்து மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. எனக்கு இது வேலைக்கான கூலியாகத் தெரிகிறது. 'கூலி' என்பதும் என் கண் வளர்ந்த இடத்துச் சொல்தான், மறைக்கவில்லை. ஆனால் லிங்கம் என்பவர் கும்பிட்டுவிட்டு நின்றுவிடுகிறார். கூலி என்பவனோ யார் உழைத்தது, என்ன கிடைத்தது என்று மேலே கேட்டுப் போகிறான்.

பொதுப் பூங்கா என்பதில் 'பொது' சும்மா வந்துவிடவில்லை. பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் திறக்க வேண்டுமென்று 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1927-இல் அம்பேத்கர் மகாத் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். மக்கள் கூடும் பொது இடங்களில் சாதி சொல்லித் தடுக்கக் கூடாதென்று அரசியலமைப்பின் 15(2) பிரிவு சொல்கிறது. உள்ளே நுழைய மட்டுமா இந்த உரிமை? உட்காரவும், ஒரு பூவைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும்தான். நம்மிடம் எல்லாரும் காயத்தை மட்டுமே கேட்டு வாங்குகிறார்கள். சாவுக்குப் பறையடி என்றது போலத் துன்பத்துக்குச் சாட்சி சொல்வதும் நமக்கு ஒதுக்கிய தொழிலாகிவிடக் கூடாது. குடிதண்ணீருக்கும் போராடுவோம், பூவையும் பார்ப்போம். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அங்கே சருகு கூட்டும் அக்காவிடம் ஒரு பூவைக் காட்டி, "இது என்ன மாதிரிக்கா இருக்கு?" என்றேன். விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாத்து முடிய அள்ளிப் புடிச்ச கை மாதிரி இருக்கு தம்பி."

இனி எனக்கும் அப்படித்தான் தெரியும்.