துயரத்துக்கு மதிப்பெண் உண்டா?

இங்கிலாந்தில் மனச்சோர்வுக்காகப் பேச்சு சிகிச்சைக்குப் போகிறவர் ஒவ்வொரு அமர்வின்போதும் ஒரு தாளை நிரப்பித் தருகிறார். பெயர் பி.எச்.க்யூ-9. தூக்கம், பசி, களைப்பு, தன்மீதே வெறுப்பு, செத்துவிட்டால் தேவலை என்ற நினைப்பு போன்றவை பற்றி 9 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி வாட்டியது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்து வந்தால் நோயாளி. ஒன்பதுக்கு இறங்கி, பதற்றத்துக்கான இன்னொரு தாளிலும் எல்லைக்குக் கீழே வந்துவிட்டால் 'குணமானவர்'.

இன்ப துன்பங்களைக் கூட்டிக் கழிக்கலாம் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் 1789-லேயே எழுதினார். அவர் வழிவந்த பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் வாதாடிப் பெற்ற இந்தப் பேச்சு சிகிச்சைக்கான அரசுத் திட்டம் 2008-ல் தொடங்கியது. சிகிச்சை முடிப்பவர்களில் பாதிப் பேராவது குணமாக வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது.

மணற்குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்தால், எந்த மணியோடு அது குவியல் இல்லாமல் போகிறது? கிரேக்கத் தத்துவவாதி யூபுலிடீஸ் பெயரில் வழங்கும் இந்தப் புதிர் இங்கே உயிரோடு வந்து நிற்கிறது. 12-லிருந்து 9-க்கு வந்தவர் குணமானவர். 25-லிருந்து 11-க்கு இறங்கி, பல மாதங்களுக்குப் பிறகு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகத் தொடங்கிய ஒரு தாய்? இந்தக் கணக்கில் அவர் குணமாகாதவர். மதிப்பெண் எவ்வளவு இறங்கியது என்பதற்கும் தனிக் கணக்கு இருக்கிறது. முதல் மரியாதை அதற்குத்தான் போக வேண்டும்.

அதற்காக அளப்பதே பிழை என்று சொல்லிவிட முடியாது. 2006-ல் டான்காஸ்டரிலும் லண்டனின் நியூஹாமிலும் இத்திட்டத்தை முன்னோட்டமாக நடத்தினார்கள். சிகிச்சையின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் தாள் கொடுத்தால், பாதியில் நின்றுபோனவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறியிருந்தார்கள் என்பது அங்கே தெரியவந்தது. நன்றாகத் தேறியவர்களை மட்டும் எண்ணிச் சிகிச்சையைப் புகழ்வது அநியாயம். அமர்வுதோறும் தாள் கொடுப்பது அந்த அநியாயத்தைத் தடுக்கிறது. வராமல் போனவரின் துயரமும் துயரம்தான் என்ற அறம் அதற்குள் இருக்கிறது.

ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். சாவைப் பற்றியது. அதில் ஒருவர் 1 என்று குறித்தாலும், அக்கறையுள்ள சிகிச்சையாளர் கூட்டலை விட்டுவிட்டு அவரிடம் அதைப் பற்றிப் பேசத் தொடங்குவார். எண்ணுக்கு உரிய வேலை அதுதான்.

ஒருவர் குணமாகிவிட்டாரா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை தாளுக்கு மட்டும் போகக் கூடாது. இழந்த எது உங்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்று அவரையே கேட்டு, அந்தப் பதிலையும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.