ஆறப் பொறுத்தல்

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். சமைத்தவனே சாப்பிடுகிறவனாகவும் இருந்தால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. சமைப்பவன் ஒருவன், பசித்திருப்பவன் வேறொருவன் என்றால்? அப்போது பொறுமை ஒருவனுக்குக் குணம், மற்றவனுக்குத் துன்பம்.

எழுபதுகளின் கடைசியில் கிருஷ்ணன்கோவிலில் ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண் இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வயதில் அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. கஷாயம் கொடுத்தார்கள், காய்ச்சல் விட்டது. சில வாரங்களில் முழங்கால் வீங்கியது, அதுவும் வடிந்தது. மூட்டில் வந்தது போய்விட்டது; இருதயத்தில் வந்தது தங்கிவிட்டது. இருபது வயதில் குடத்தை இடுப்பில் வைத்துப் பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. இருதயத்தின் கதவாகிய வால்வு தழும்பேறிச் சுருங்கிவிட்டது. செயற்கை வால்வு பொருத்தலாம். ஆனால் அது அந்நிய நாட்டிலிருந்து வர வேண்டும். அதன் விலைக்கு அந்தக் குடும்பம் எங்கே போகும்?

மேற்கு மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்தில், இருதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் இப்படிப்பட்டவர்களை நாள்தோறும் பார்த்தார். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் நம் நாட்டிலேயே ஒரு வால்வு செய்ய முற்பட்டார். முதல் மாதிரியில் பற்றவைத்த இடம் முறிந்தது. இரண்டாவதில் உலோகம் தேய்ந்தது. மூன்றாவதில் இருந்த செயற்கை நீலக்கல் தட்டு, சோதனைக்காகப் பொருத்திய ஆட்டின் இருதயத்திலேயே உடைந்தது. நான்காவதுதான் தேறியது. ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த சட்டம். அதற்குள் அசையும் பிளாஸ்டிக் தட்டு. 1990 டிசம்பரில்தான் அது முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

இருதயம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கிறது; ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு கோடி. அத்தனை தடவையும் பிசகாமல் திறந்து மூட வேண்டிய கதவை அவசரத்தில் செய்ய முடியாதுதான். ஆனால் அந்த ஆண்டுகளில் நம் கிருஷ்ணன்கோவில் பெண் என்ன ஆனாள்? இதைக் கேட்காமல் மருத்துவரின் பொறுமையைப் புகழ்வது சுலபம். "எப்படியும் சாகப்போகிறவள்தானே, இரண்டாவது மாதிரியையே வைத்துப் பாருங்களேன்" என்று அவள் தகப்பனார் மன்றாடியிருந்தால், அது தவறு என்று சொல்ல எனக்கு நா எழாது.

அவசரத்தின் விளைவையும் உலகம் பார்த்தது. அமெரிக்காவில் ஷைலி என்ற கம்பெனி 1979 முதல் 1986 வரை ஒரு புதுவகை வால்வை விற்றது. சுமார் 86,000 பேருக்கு அது பொருத்தப்பட்டது. அதிலும் பற்றவைத்த கம்பிதான் முறிந்தது, ஆனால் மனிதர்களின் மார்புக்குள். முறிவு தெரிந்த பிறகும் விற்பனை உடனே நிற்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மற்றவர்கள் இன்றா நாளையா என்று தங்கள் நெஞ்சையே சந்தேகித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

தகப்பனார் தம் ஒரு மகளுக்காகத் துணியலாம், அது பாசம். வால்வு செய்கிறவரோ தாம் முகம் பார்க்காத ஆயிரம் மகள்களுக்காக முடிவு செய்கிறார். அங்கே துணிச்சல் என்பது பிறர் உயிரை வைத்துச் சூதாடுவதுதான். ஆகவே வலியத்தான் பொறுத்தது சரி. அவர் 2024-ல் மறைந்தார். அதற்கு முன்பே அந்த வால்வு ஒரு லட்சம் பேருக்குமேல் துணையாகியிருந்தது.

ஆனாலும் மனம் அமைதி அடையவில்லை. அந்தப் பெண்ணைக் காக்க வைத்தது ஆராய்ச்சி மட்டும்தானா? தொண்டையில் புகுந்த கிருமியைப் பென்சிலின் கொடுத்து அழித்துவிட்டால் வாதக் காய்ச்சலே வராது என்பது 1950களிலேயே நிரூபணமான செய்தி. அவள் காய்ச்சலில் கிடந்த நாளில் அந்த மருந்து இருந்தது; விலையும் பெரிதல்ல. கஷாயம் கொடுத்த தாயைக் குறை சொல்வதற்கில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மருந்துக்கும் அந்தத் திண்ணைக்கும் இடையே இருந்த தூரத்தைக் கடக்க ஓர் ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. இன்றும் நம் நாட்டில் குழந்தைகளின் இருதயங்கள் இப்படித் தழும்பேறிக்கொண்டுதான் இருக்கின்றன.

சோறு ஆறும்வரை பொறுப்பதில் நியாயம் உண்டு. ஆறிய சோற்றைப் பரிமாறாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பொறுமை அல்ல.