எதுவும் வேண்டாம்

“மியூச்சுவலுக்கு ஒத்துக்கிட்டேன் மேம். எனக்கு எதுவும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”

தொலைபேசியில் இதைச் சொன்னவள் என் பழைய மாணவி. அப்போது அவள் மகனுக்கு ஆறு வயது. “நல்லதும்மா. பணம் போனாப் போகுது, நிம்மதி கிடைச்சாப் போதும்” என்றேன். நான்கு வருடங்களாக அந்த வாக்கியம் என்னை உறுத்துகிறது. மனுவைப் படித்தாயா என்று நான் கேட்கவில்லை. உனக்கென்று தனியாக ஒரு வக்கீல் உண்டா என்றும் கேட்கவில்லை. ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றதுமே அவளை உயர்த்திப் பார்த்துவிட்டேன்.

மனுவைப் பிறகுதான் பார்த்தேன். கணவர் வீட்டார் அமர்த்திய வக்கீலே இருவருக்குமாக எழுதியது. ஜீவனாம்சம் இப்போதும் இனி எப்போதும் கோரமாட்டாள். நகைகளையும் சீர்ப்பொருட்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டாள். மகன் தாயுடன் இருப்பான். உண்மையில் நகை வந்து சேரவில்லை. தீர்ப்பு வந்ததும் தருகிறோம் என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்திட்டிருந்தாள். மகனின் படிப்புச் செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்ந்தது பரஸ்பர சம்மத விவாகரத்து. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை ஒருவர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-க்குப் பிறகு, தகுந்த சூழலில் அந்த ஆறு மாதத்தைத் தவிர்க்கும்படியும் கேட்கலாம். அடி உதையிலிருந்து தப்பி வந்தவளுக்கு அது வரம்தான். ஆனால் எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்க்கவும் அந்த ஆறு மாதம்தான் இருக்கிறது.

வற்புறுத்தலோ மோசடியோ இல்லாமல் பெறப்பட்ட சம்மதமா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். “யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?” “இல்லைங்கய்யா.” அவள் பொய் சொல்லவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று வருடமாகச் சரியான தூக்கமில்லை, அவ்வளவுதான்.

களைப்பில் கொடுத்த சம்மதம் சம்மதமாகுமா? ஆகாது என்று சொல்ல எனக்குத் தயக்கம். வளர்ந்த ஒரு பெண்ணைப் பார்த்து ‘உனக்கு உன் மனசு தெரியாது’ என்று சொல்வதாகிவிடும். குடும்பம் காலங்காலமாகச் சொல்லிவருவதும் அதைத்தானே. அவள் பிரிய விரும்பியது உண்மை. வெறுங்கையோடு பிரிய விரும்பினாளா என்று யாரும் தனியாகக் கேட்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து.

கனாத்திறம் உரைத்த காதையை வருடாவருடம் வகுப்பில் நடத்துகிறேன். குலத்தோர் தேடிய செல்வத்தையெல்லாம் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் கோவலனிடம், கண்ணகி புன்னகையோடு தன் சிலம்புகளை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். அதைப் பெருந்தன்மை என்றே பல ஆண்டுகள் நடத்தினேன். சிலம்பு அவளுடையது என்பதை அழுத்திச் சொன்னதில்லை. ஸ்ரீதனம் மனைவியின் சொந்தச் சொத்து, கணவன் கையில் இருந்தாலும் அது அவளுக்காக வைத்திருப்பதுதான் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எந்த மாணவியிடமும் சொன்னதில்லை. தமிழ் வகுப்பில் அதற்கென்ன வேலை என்று நினைத்திருப்பேன்.

இன்னொன்று. கோவா போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர நம் நாட்டில் தம்பதியர் சொத்தைப் பொதுவாகக் கருதும் சட்டம் இல்லை. வீடு அவன் பெயரில் இருந்தால், அதில் எத்தனை வருடம் சமைத்திருந்தாலும் வீடு அவனுடையதே. அந்த வருடங்களுக்கு ஏதாவது கணக்குப் போட முடிகிற இடம், பிரியும்போது எழுதும் அந்த ஒப்பந்தத் தாள்தான். அதில்தான் ‘எதுவும் வேண்டாம்’ என்று எழுதுகிறோம். தன்மானம் என்று அதற்குப் பெயர் வைக்கிறோம். அவன் பைசா எனக்கெதற்கு என்று கேட்கும்போது, அதில் தன் பைசாவும் இருக்கிறது என்பது மறந்துபோகிறது.

எல்லோரும் வழக்காடுங்கள் என்று சொல்லமாட்டேன். என் தோழி ஒருத்தி ஏழு வருடம் வழக்காடினாள். குறுக்கு விசாரணையில் அவளிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதக் கை வரவில்லை. மியூச்சுவல் அவளுக்குக் கிடைத்திருந்தால் நானே இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

சென்ற மாதம் மாணவி வந்தாள். பள்ளிக் கட்டணத்துக்கு இரண்டாவது முறையாகக் கடன் வாங்கியிருந்தாள். தாய் எதை விட்டுக்கொடுத்து எழுதியிருந்தாலும் பிள்ளையின் பராமரிப்பு உரிமை அதனால் போய்விடாது. இந்த முறை ஒரு பெண் வழக்கறிஞரிடம் நானே அழைத்துப்போனேன். மகனுக்காக மனு தயாரானது. முதல் தடவையே நான்கு வரியில் எழுதியிருக்கக்கூடியதற்கு இப்போது எத்தனை வாய்தாவோ.

“மாசம் எவ்வளவு கேக்கலாம்?” என்றார் வழக்கறிஞர்.

அவள் என்னைப் பார்த்தாள். “ரொம்பக் கேட்டா தப்பா நினைப்பாங்களா மேம்?”

பையிலிருந்து கட்டண ரசீதுகளை எடுக்கச் சொன்னேன். மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகக் கூட்ட ஆரம்பித்தோம்.