ஒரு டிக்கட்

வங்கிக் கவுண்டருக்குள் உட்கார்ந்து பதினோரு வருஷங்களாக மற்றவர்களைக் கேள்வி கேட்டுப் பழகியவன் நான். சென்ற ஆவணியில் ஒரு கவுண்டருக்கு வெளியே நின்று பதில் சொல்ல நேர்ந்தது. கேள்வி மிகச் சாதாரணமானது. "எத்தனை பேர்?" "ஒருத்தர்" என்றேன். டிக்கட் கொடுக்கும் பெண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும், "ஒண்ணே ஒண்ணா சார்?" என்று இன்னொரு முறை கேட்டாள். அவள் குரலில் அவமதிப்பு எதுவும் இல்லை. செலானில் கூட்டுத்தொகை இடிக்கும்போது நானும் அதே குரலில்தான் கேட்பேன்.

இடம், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்கா. பெயர் இங்கே அவசியமில்லை. வங்கிப் பயிற்சி ஒன்றுக்காகக் காரைக்குடியிலிருந்து பல்லவனில் போயிருந்தேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்தது. பார்க்க வேண்டிய எழுத்தாளர்கள் இருந்தார்கள், வாங்க வேண்டிய புத்தகங்கள் இருந்தன. முப்பத்தேழு வயதில், இலக்கிய விமரிசனம் எழுதுகிறவன் என்று ஒரு நூறு பேருக்காவது தெரிந்த ஒருவன், ராட்டினம் சுற்றப் போனான். நண்பர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத் தயக்கம்தான் இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு தவறும் செய்யாதவன் ஏன் மறைக்கிறான்?

உள்ளே போனதும் கண்ணில் படுகிற முதல் விஷயம், அங்கே எதுவும் ஒருவனுக்காகச் செய்யப்படவில்லை என்பது. இருக்கைகள் இரண்டிரண்டாக, நான்கு நான்காக இருக்கின்றன. பெரிய ராட்டினத்தில் தொட்டிலுக்கு இரண்டு பேர். என்னைத் தனியாக ஏற்றினால் எடை ஒரு பக்கம் சாயும் என்றோ என்னவோ, இயக்குகிறவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூன்று பேர் வந்திருந்த ஒரு குடும்பத்தில் மிஞ்சிய பையனை என் பக்கத்தில் உட்கார வைத்தான். எட்டு வயதிருக்கும். அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்களுக்கு மேல் தொட்டிலிலிருந்து குனிந்து குனிந்து, பையனைவிட அதிகமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சியில் ராட்டினம் நின்றது. சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. பையன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். இறங்குகிறபோது வயிற்றில் ஏதோ கழன்றது, நான் கத்தினேன். யோசித்துக் கத்தவில்லை. பரீட்சை முடிவு பார்த்த நாளில்கூட அப்படிக் கத்தியதில்லை. அது சந்தோஷம்தான். வேறு பெயர் எதுவும் அதற்குப் பொருந்தாது.

ஆக, தனியாக இருக்கிறவனுக்குச் சந்தோஷம் சாத்தியமா என்பதல்ல என் கேள்வி. அது சாத்தியம்; எனக்கு நடந்தது. அதை ஏன் யாரும் நம்புவதில்லை என்பதே கேள்வி.

தனியாக இருப்பவனை நம் சமூகம் ஏற்காமல் இல்லை. துறவி தனியாகப் போகலாம். பட்டினத்தார் வியாபாரத்தையும் வீட்டையும் விட்டுப் போனபோது அவர் காலில் விழுந்தோம். துக்கப்படுகிறவன் தனியாக இருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு மரியாதையாக விலகிக்கொள்வோம். பிழைப்புக்காகப் போகிறவன் தனியாகப் போகலாம்; அவனை ரயிலேற்ற ஊரே வரும். படிப்புக்காகவும் போகலாம். அதே கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், 1996-இல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. அங்கே எங்கள் செட்டிநாட்டு வீடு ஒன்றும் நிற்கிறது. போன வருஷம் அதைப் பார்க்கத் தனியாகத்தான் போனேன். யாரும் என் முதுகுக்குப் பின்னால் பார்க்கவில்லை. பழைய தூணைப் பார்ப்பது அறிவு சம்பந்தப்பட்ட காரியம். அதற்குத் துணை வேண்டியதில்லை. துறவு, துக்கம், உழைப்பு, அறிவு என்று நான்கு வாசல்கள் தனியாளுக்குத் திறந்திருக்கின்றன. சந்தோஷத்தின் வாசலில் மட்டும் "கூட யார்?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1906-இல் அமெரிக்கா போன மாக்ஸிம் கார்க்கியை நியூயார்க் ஹோட்டல்காரர்கள் வெளியேற்றினார்கள். கூட வந்திருந்த ஆந்திரேயெவா அவருடைய சட்டப்படியான மனைவி அல்ல என்பது குற்றம். அந்தப் பயணத்தில்தான் அவர் கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவைப் பார்த்தார். 1907-இல் வெளியான அந்தக் கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு 'சலிப்பு'. லட்சக்கணக்கான விளக்குகளுக்குக் கீழே அவர் கண்டது சந்தோஷப்படத் தெரியாத ஜனங்களை. அவர் பார்வையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கூட்டத்தைப் பார்த்தார். தொட்டிலில் ஏறி உட்கார்ந்தவனுடைய வயிற்றைப் பார்க்கவில்லை. விமரிசகர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. நானும் கீழே நின்றிருந்தால் சலிப்பு என்றுதான் எழுதியிருப்பேன்.

எதிர்வாதங்களில் முதலாவது பழையது, கனமானது. புறநானூற்றின் 182-ஆம் பாட்டு, இந்த உலகம் யாரால் நிலைத்திருக்கிறது என்று சொல்ல வரும்போது, அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்களைச் சொல்கிறது. பாடியவன் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. இதற்குச் சுலபமான ஒரு பதில் உண்டு: அமிழ்தம் குறைகிற பொருள், ராட்டினத்தின் உச்சியிலிருந்து நான் கடலைப் பார்த்தால் இன்னொருவனுக்குக் கடல் குறைந்துவிடாது. ஆனால் இந்தப் பதில் எனக்கே திருப்தி தரவில்லை. டிக்கட்டுக்குக் கொடுத்த பணம் குறைகிற பொருள்தான். காரைக்குடியில் அம்மா தனியாக இருக்கிறாள். அவளை அழைத்துப் போயிருக்கலாம். போகவில்லை. போக விரும்பவில்லை என்பதே உண்மை. அவள் வந்திருந்தால் அவளுடைய முழங்கால் வலியைப் பார்த்துக்கொண்டே நாள் கழிந்திருக்கும். இதில் சுயநலம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்தால் வாதம் ஜெயிக்கும், நான் தோற்பேன்.

இரண்டாவது எதிர்வாதம் பெண்களுடையது. தனியாக வருகிற ஆணைக் கண்டு அவர்கள் பயப்படுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றை உண்டாக்கியவர்கள் ஆண்கள்தான். மேல் தொட்டிலிலிருந்து குனிந்து பார்த்த அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெண் தனியாக அந்தக் கவுண்டரில் நின்றிருந்தால் கேள்வி இன்னும் குரூரமாக இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். என்னைப் பின்னால் மட்டும் பார்த்தார்கள். அவளை மேலும் கீழும் பார்த்திருப்பார்கள்.

இங்கே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் இருக்கிற பெரிய வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சில வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக வந்து பத்து நாள் தங்கி ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நடக்கிறார். அவரை நாம் எதுவும் கேட்பதில்லை. இந்த வீடுகள் கூட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. வளவைச் சுற்றிப் புள்ளிக்கொரு அறை. கல்யாணம் என்றால் நூற்றுக்கணக்கான இலை. ஆனால் இவற்றைக் கட்டிய பணம் தனிமையில் சம்பாதித்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன ஏஜண்டுகள் மூன்று வருஷத் தவணைக்குப் போனார்கள், குடும்பம் இல்லாமல். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் ஆளுக்கொரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேஜை. பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை. மூன்று வருஷம் அந்த மனிதர்கள் ஒரு தடவையாவது சிரித்திருப்பார்களா, ஒரு சாயங்காலமாவது கணக்கை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போயிருப்பார்களா என்று யாரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்த கடிதங்களில் அது இருந்திருக்காது. பணம் வந்தது, தேக்கு வந்தது. சந்தோஷம் வந்ததாக எழுதினால் ஊரில் சந்தேகம் வந்திருக்கும்.

என் அப்பா செட்டியாரும் இல்லை, ஏஜண்டும் இல்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக்கடையில் பன்னிரண்டு வருஷம் மூட்டை பிரித்தவர். 1998-இல் ஒரு கடிதத்தோடு ஒரு போட்டோ வந்தது. செந்தோசாத் தீவில், சிங்கத் தலையும் மீன் உடலுமாக முப்பத்தேழு மீட்டர் உயரத்தில் நின்ற மெர்லயன் சிலைக்கு முன்னால் அப்பா நிற்கிறார். நல்ல சட்டை. சிரிக்கிறார். எங்கள் வீட்டிலிருந்த எந்தப் படத்திலும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. நானும் தங்கையும் சிலையைப் பார்த்தோம். அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "படத்தப் புடிச்சது யாரு?"

அந்த ஞாயிறு எதிர்த்த வீட்டுக்கு அப்பாவின் போன் வந்தது. "தனியாத்தான் போனேன். வழியில போன ஒருத்தருகிட்ட காமிராவக் குடுத்து எடுக்கச் சொன்னேன்" என்றார். அம்மா மறுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, வேறு ஏதோ சண்டையின் நடுவில், அந்தப் படம் வந்துவிடும். "ஒத்த ஆளாவா அவுக அங்கெல்லாம் போயிருப்பாக?" அவள் கேள்வியின் கீழே ஒரு தத்துவம் இருந்தது: சிரிப்பு என்றால் அதை வாங்கிக்கொள்ள எதிரில் ஒருத்தர் இருந்தே ஆக வேண்டும். அப்பா 2003-இல் திரும்பி வந்தார், 2011-இல் இறந்தார். அந்தச் சிலையையும் 2019-இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். அம்மாவின் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. நானும் அம்மாவின் பக்கம்தான் இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பி.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்கு வேர்ட்ஸ்வர்த்தின் டாஃபோடில் பூக்கள் பற்றிய கவிதை பாடம். மேகம் போலத் தனியாகத் திரிந்தவன் பூக்களைக் கண்டான் என்று பேராசிரியர் உருகினார். நாங்களும் நம்பினோம். 1802 ஏப்ரலில் அந்தப் பூக்களைப் பார்த்தபோது கவிஞனுடன் தங்கை டோரதி நடந்து வந்தாள், அதைத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. தனியாக இல்லாதவன் தனியாக இருந்ததாகச் சொன்னான்; இரண்டு நூற்றாண்டுகளாக அதைக் கவித்துவம் என்கிறோம். தனியாக இருந்ததாகச் சொன்ன ஒரு மளிகைக்கடை ஆளை ஒரு நாள்கூட நம்பவில்லை. தனிமையின் சந்தோஷத்துக்கும் ஒரு தகுதி கேட்கிறோம் போலிருக்கிறது. கவிஞன் என்றால் சரி.

அமிழ்தத்தைப் பற்றிய வாதத்தை இங்கே திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கிறது. பகிர்ந்து உண்ண ஆள் பக்கத்தில் இருந்தும் தனியாக உண்பவன் ஒருவன். ஆளில்லாத இடத்தில் இருப்பவன் வேறொருவன். எங்கள் மூன்று பேரையும் சிங்கப்பூருக்கு அழைத்துப்போய்க் காட்ட அப்பாவின் சம்பளத்தால் ஆகாது. அவர் முன்னால் இருந்தது, சேர்ந்து பார்ப்பதா தனியாகப் பார்ப்பதா என்ற தேர்வல்ல. தனியாகப் பார்ப்பதா, பார்க்காமலே இருப்பதா என்பது. பகுத்துண்ண ஆளில்லாதவன் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்த அறமும் சொல்ல முடியாது. அவர் அதையும் மீறி ஒன்று செய்தார்: படம் எடுத்து அனுப்பினார். பகிர முடிந்ததைப் பகிர்ந்தார். அதுவே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று.

ராட்டினத்திலிருந்து இறங்கியதும் பையன் என் சட்டையை விட்டுவிட்டு ஓடினான். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சந்தோஷத்துக்குத் துணை வேண்டாம். ஆனால் முடிந்தபின் அது ஒரு காதைத் தேடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் அப்பாவைக் கூண்டில் ஏற்றினோம் என்று அப்போது தோன்றியது. அந்த வழியாகப் போன ஒருவரிடம் செல்போனைக் கொடுத்து, ராட்டினம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அவர் பெயர் தெரியாது. எடுத்துக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். படத்தில் நான் சிரிக்கிறேன். அந்த அந்நியரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். படத்தைப் பார்க்கிறவருக்கு அது தெரிய வழியில்லை.

இதனால் அப்பா சொன்னது உண்மை என்று நிரூபணமாகிவிடாது. அப்படி நடந்திருக்க முடியும் என்பது மட்டுமே நிரூபணம். வங்கியில் இதை வைத்துக் கடன் கொடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மனிதனை நம்புவதற்கு, நடந்திருக்க முடியும் என்பதற்கு மேல் என்ன அத்தாட்சி நமக்கு என்றைக்குக் கிடைத்திருக்கிறது? மீதியை நாம்தான் போட வேண்டும். போடவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கு. யாரு எடுத்தா?"

"வழியில போன ஒருத்தர்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு படத்தை மறுபடியும் பார்த்தாள். செல்போன் திரை அணைந்துவிட்டது. அதைத் திரும்பவும் ஏற்றிக் கொடுக்கச் சொன்னாள்.