செங்கோட்டுக் குளிர்சுரம்

"எல்லாம் எழுதி வெச்சதுதானுங்க நர்சம்மா. மாத்திரை வந்து என்ன பண்ணீரும்?"

அன்னூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என் கூடவே வந்தது. ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் கேட்பார். சர்க்கரை ஏறிப்போய்க் கிடந்தும் சோதனைக்கு வராதவர் கேட்பார். கேட்கிறவர் சோம்பேறியும் இல்லை, விவரம் தெரியாதவரும் இல்லை. அவர் தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால், உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்து இன்னொரு இடத்தில் போடுவார். அதற்குக் கடனும் வாங்குவார். நிலத்துக்கடியில் எழுதி வைத்ததை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. உடம்பு என்று வரும்போதுதான் விதி வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறது.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. நானும் திருநீறு பூசுகிறவள். ஓய்வு பெற்ற பிறகு ஓதுவார் ஒருவரிடம் தேவாரம் கற்றுக்கொள்கிறேன். முன்வினை என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டுப் பதிகம் பாட உட்கார முடியாது. ஆகவே என் கேள்வி வேறு. வினையை நம்புகிறவர் மருந்து தேடினால், அந்த நம்பிக்கைக்கு அது துரோகமா?

இந்த வழக்கு கொங்கு மண்ணிலேயே ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தப் பக்கம் வந்தார். திருநணா எனப்பட்ட பவானியைப் பாடியவர், கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது நம் திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது பனிக்காலம் பிடித்துக்கொண்டது. கூட வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. மலேரியாவாக இருக்குமோ என்று எனக்கும் கை துறுதுறுக்கும். புராணத்தில் ரத்தப் பூச்சு எடுக்க முடியாது என்பதால் விட்டுவிடுகிறேன். இது இந்த நிலத்தின் இயல்பு என்ற பேச்சு எழுந்தது. இயல்பாகவே இருந்தாலும் நம்மை அது அணுகக் கூடாது என்று சம்பந்தர் பாடினார். அதுதான் திருநீலகண்டப் பதிகம், முதல் திருமுறையில் 116ஆவது. காய்ச்சல் அடியார்களை மட்டுமல்ல, அந்த நாட்டையே விட்டுப் போயிற்று என்கிறார் சேக்கிழார்.

அந்தப் பதிகத்தை நோய் தீர்க்கும் பதிகம் என்று கொங்கில் எத்தனையோ வீடுகளில் பாடுகிறார்கள். பாடுகிறவர்களில் பலரும் அதன் தொடக்கத்தில் உள்ள கண்டிப்பைக் கவனிப்பதில்லை. பழைய வினைக்குத்தான் இப்போது இந்த வினை என்று சொல்கிறீர்கள், சரி, தப்பும் வழியைத் தேடாமல் இருக்கிறீர்களே, அது உங்கள் குறைதானே என்று கேட்கிறார் அந்தப் பிள்ளை. வினை பொய் என்று அவர் சொல்லவில்லை. வினை எதனால் வந்தது என்று ஆராய்ச்சியும் செய்யவில்லை. காய்ச்சலில் நடுங்குகிறவனிடம் போன பிறவிக் கணக்கைக் கேட்காமல், இனி என்ன என்று மட்டும் கேட்கிறார். பாட்டின் முகம் முன்பக்கம் திரும்பியிருக்கிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குக் கோபம் வந்தது, நோயாளிகள் மேல் அல்ல, எங்கள் ஆட்கள் மேல்.

டாக்டர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பாருங்கள். "இனிப்பு தின்னீங்களா? நடந்தீங்களா? அப்பறம் சுகர் வராம என்ன பண்ணும்?" இதுவும் வினைக் கோட்பாடுதான், வெள்ளைக் கோட்டு போட்டது. போன பிறவிக்குப் பதில் போன தீபாவளி. நீ செய்தாய், நீ அனுபவிக்கிறாய். வித்தியாசம் ஒன்றுதான்: பழைய விதி எல்லோருக்கும் பொது, யாரையும் தனியாகக் கூசவைக்காது. புதிய விதி கூசவைக்கிறது. கூசிப்போனவர் அடுத்த மாதம் வருவதில்லை.

எங்கள் ஊரில் நூல் மில்லுக்குப் போகிற பெண் ஒருத்திக்கு முப்பதைத் தாண்டியதுமே சர்க்கரை. ஒல்லியான உடம்பு. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். காலையில் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லி ஒரு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "எட்டு மணி நேரம் மெஷினுக்கு மெஷின் நடந்துட்டுத்தானுங்கக்கா வர்றேன், அதெல்லாம் நடையில சேராதாமா?" என்று கேட்டாள். அவள் என்ன தப்பு செய்தாள்? புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்து ஒன்றைக் கண்டார்கள். நம் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவு, ஆனால் எடைக்கு உடம்பில் கொழுப்பு கூடுதல். பிற்காலச் சர்க்கரையின் வேர் ஒன்று கருவிலேயே ஊன்றிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. பாட்டி தலைமுறையின் பஞ்சம், தாயின் அரைவயிறு, ஷிப்டு மாற்றத்தில் கெட்ட தூக்கம் எல்லாம் சேர்ந்து வந்ததற்கு இவள் தின்ற இரண்டு கச்சாயத்தைக் காரணம் சொன்னால் அது மருத்துவமும் ஆகாது, தர்மமும் ஆகாது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று சொன்னது. 10 கோடிப் பேரும் தனித்தனியாக ஒழுக்கம் கெட்டவர்களா?

அவளிடம் நான் நடையைப் பற்றிப் பேசவில்லை. முழு நைட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ப மாத்திரை நேரத்தை மாற்றித்தரச் சொல்லி டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

முன்னே பார்க்கிற அறிவுரைக்கு நான் எப்போதும் பாதத்தைத்தான் உதாரணம் சொல்வேன். சர்க்கரை நாள்பட்டால் காலில் உணர்ச்சி மழுங்கும். கொப்புளம் வந்தாலும் வலிக்காது, வலிக்காததால் தெரியாது, தெரியாததால் புண் எலும்பு வரைக்கும் போகும். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்போம், கண்ணை மூடிக்கொண்டு தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குப் பழநிக்குக் காவடி எடுக்கிற ஒருவருக்குப் பெருவிரல் பக்கம் எதுவும் தெரியவில்லை. வெறுங்காலில் தார் ரோட்டில் நடக்கப் போகிறார்.

"முருகன் பாத்துக்குவானுங்க நர்சம்மா."

"பாத்துக்கட்டுமுங்கண்ணா. ராத்திரி தங்கற எடத்துல உள்ளங்காலை நீங்க பாத்துக்கங்க."

விரதத்தை விடச் சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்குள் நடையை முடியுங்கள், கால் கழுவும் சுடுநீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், விரலிடுக்கைத் துடையுங்கள், கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள், உள்ளங்காலைப் பார்க்க மருமகளிடம் ஒரு முகக்கண்ணாடி கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். செருப்பு விஷயத்தைக் காவடிக் குழுப் பெரியவரே முடித்துவைத்தார்: அடிவாரம் வரைக்கும் போட்டுக்கொள், மலைக்கு மட்டும் கழற்று. எங்கள் துறை சுவரொட்டி அடித்தாலும் அந்த ஒரு வாக்கியத்தின் வேலையைச் செய்திருக்காது. கோயில்களிலும் இதுதான், நடுப்பகலில் கற்பிராகாரம் கொதிக்கும்போது மழுங்கிய காலோடு சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சாமி மேல் கவனம் நிற்காது.

என் ஓதுவார் இதையெல்லாம் ஒப்பவில்லை. "பதிகம் தேடச் சொன்ன வழி சிவன் கழல், அம்மா. நீங்க அதைச் சுகாதாரத் துறை விளம்பரமா ஆக்கிப்போடாதீங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். சம்பந்தர் கஷாயம் காய்ச்சச் சொல்லவில்லை, கைதொழச் சொன்னார். அதை மறைத்துப் பேசினால் நான் பாட்டைத் திருடுகிறேன். ஆனால் சைவ சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் நான்கும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கொடுத்தவை என்கிறது. உடம்பு பக்குவத்துக்கான கருவி என்றால், அதைத் துருப்பிடிக்க விடுவதில் என்ன பக்தி இருக்கிறது? ஓதுவார் பாதி தலையாட்டினார். அதற்கு மேல் நானும் இழுக்கவில்லை. உடம்பே கோயில் என்று மருத்துவமனைச் சுவரில் எழுதி வைப்பதில் எனக்கும் விருப்பமில்லை. கோயிலாக நினைத்துக்கொண்டால் அது பழுதாகும்போது தீட்டுப்பட்டதாகத் தோன்றும், மறுபடியும் அந்தக் கூச்சம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இப்போது எங்கள் தெருவுக்கும் வருகிறது. பெண் தன்னார்வலர் வீட்டு வாசலில் பிரஷர் பார்த்து மாத்திரை தந்துவிட்டுப் போகிறாள். திட்டம் நல்லது. வருகிற பெண்ணுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "சாமி, போன மாசம் ஏன் போடலைன்னு கேக்காத. இன்னிக்கு எப்பப் போடுவீங்கன்னு கேளு."

தேட வழியே இல்லாத இடமும் உண்டு. அங்கே என் வாதம் தடுமாறும். புற்றுநோய் முற்றிய ஓர் ஆத்தாவைக் கடைசி மாதங்களில் பார்த்துவந்தேன். ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன பாவம் பண்ணுனேன் கண்ணு?" என்றது. பதிகத்தைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்து விட்டுவிட்டேன். "வலி ராத்திரி எத்தன மணிக்குங்க ஆத்தா வருது?" என்று கேட்டேன். ரெண்டு மணிக்கு என்றது. டாக்டரிடம் பேசி, இரவு மருந்தைத் தள்ளிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். அடுத்த வாரம் போனபோது ஆத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. தூக்கம் வந்ததாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டது.